காய்ச்சற் காலமும் காப்புறுதிப் பத்திரமும்

கடல் கடந்த நாடொன்றிலே காய்ச்சல் பரவுகின்றது என்னும் செய்தி பத்திரிகைகளில் வந்துவிட்டால், வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள பிரயாண முகவர் நிலையங்களிலும் கொட்டாஞ்சேனையின் சிறு காரியாலயங்களிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகின்றது: "பிரயாணக் காப்புறுதி எடுப்பதா, விடுவதா?" ரொறன்ரோ நகரிலே மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகப் புறப்படும் தாய் கேட்கின்றார். பாரிசிலுள்ள மகனை ஒரு தரமாவது கண்டுவரவேண்டுமென்று நெல் விற்ற பணத்தைச் சேர்த்துவைத்து, கிளிநொச்சியிலிருந்து வந்து வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும் கமக்காரர் கேட்கின்றார். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி, மனைவியுடன் சிதம்பர தரிசனத்துக்குப் புறப்படும் ஆசிரியரும் கேட்கின்றார். சட்டம் படித்தவர்கள் என்பதனால் அக் கேள்வி எம்மிடமும் வருகின்றது. பலருக்குத் தனித்தனியே சொன்ன விடையை இன்று இப் பத்திரிகை வாயிலாக எல்லோர்க்கும் பொதுவாகச் சொல்ல விரும்புகின்றோம்.

ஊரிலே இரண்டு விடைகள் உலவுகின்றன. "பணத்தைக் கட்டிப் பத்திரத்தை வாங்கினால் பயமில்லை, எது வந்தாலும் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான்" என்பது ஒன்று. "தலைவிதியை எந்தக் கம்பெனியும் மாற்றப்போவதில்லை, அது வீண் செலவு" என்பது மற்றொன்று. முதலாமவர் பத்திரத்தை வாசியாமல் வாங்குகின்றார். இரண்டாமவர் வாசியாமல் தள்ளுகின்றார். இருவரையும் கெடுப்பது வாசியாமையே.

வெள்ளம் வருமுன் அணை

காப்புறுதி என்னும் சொல் புதிதாயினும் அதன் பொருள் எமது மக்களுக்குப் புதியதன்று. ஊர் மரண சகாயச் சங்கத்துக்கு மாதந்தோறும் சந்தா கட்டுகின்றோம். அடுத்த இழவு எவர் வீட்டில் விழுமென்று எவருக்கும் தெரியாத காரணத்தாலேயே எல்லோரும் கட்டுகின்றோம். இழவு விழுந்த வீட்டார் மறுநாட் காலையில் வந்து, "எம்மையும் அங்கத்தவராகச் சேருங்கள், உதவிப் பணத்தை இன்றைக்கே தாருங்கள்" என்று கேட்டால் எந்தச் சங்கம் சம்மதிக்கும்? இந் நாட்டில் 1958 இல் பரீட்சார்த்தமாக ஆரம்பித்து 1961 இல் சட்டமாகிய பயிர்க் காப்புறுதியின் தத்துவமும் இதுவே. குளம் உடைப்பெடுத்துக் காலபோக நெல் மூழ்கிய பின்னர் அவ் வயலுக்குக் காப்புறுதி கேட்க எந்தக் கமக்காரரும் நினைப்பதில்லை.

பிரயாணக் காப்புறுதியும் இந் நியதிக்கு உட்பட்டதே. காய்ச்சல் ஊரறிந்த செய்தியாகிவிட்ட பின்னர், அக் காய்ச்சலாற் பிரயாணம் நின்றுபோகும் நட்டத்துக்குக் காப்புறுதி தேடுவது வெள்ளம் புகுந்த வயலுக்குக் காப்புறுதி தேடுவதாகும். இதனைக் கம்பெனிகள் "அறியப்பட்ட நிகழ்ச்சி" என்று அழைக்கின்றன. 2009 ஏப்ரிலில் மெக்சிக்கோவிலும் கலிபோர்னியாவிலும் புதிய இன்புளுவென்சா வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 11 ஆந் திகதி உலக சுகாதார நிறுவனம் அதனை உலகளாவிய கொள்ளைநோயெனப் பிரகடனஞ் செய்தது. 2020 ஜனவரியில் கொரோனாச் செய்தி வந்தது. இவ் விரு வேளைகளிலும் மேல்நாட்டுக் கம்பெனிகள் பல ஒரு திகதியைக் குறித்து, "இத் திகதிக்குப் பின் பத்திரம் வாங்கியோர்க்கு, இந் நோயாற் பிரயாணம் நின்ற நட்டம் கொடுபடமாட்டாது" என்று அறிவித்தன. செய்தியைப் படித்துவிட்டு முகவரிடம் ஓடியவர்களிற் பலர் அத் திகதிக்குப் பின்னரே ஓடினார்கள்.

வருமுன் காத்தவர்களும் உண்டு. விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தை நடத்தும் கழகத்தார், 2003 இல் சார்ஸ் நோய் தோன்றிய காலந் தொட்டு ஏறத்தாழ 17 ஆண்டுகள் கொள்ளைநோய்க் காப்புறுதிக்குப் பணங் கட்டி வந்தார்கள். அப்போது அவர்களைப் பார்த்து நகைத்தவர்களும் இருந்திருப்பார்கள். 2020 இல் பந்தயம் நின்றபோது அவர்களுக்குப் பெருந்தொகை நட்டஈடு கிடைத்தது. எமது தாய்மாரும் கமக்காரரும் 17 ஆண்டுகள் பணங் கட்டிக் காத்திருக்கமுடியாது. ஆனால் விமானச் சீட்டை வாங்கும் அன்றே காப்புறுதியையும் வாங்கமுடியும். சீட்டை மார்கழியில் வாங்கிவிட்டு, காய்ச்சற் செய்தி வந்த பின்னர் மாசியிற் காப்புறுதியைத் தேடுவது எமது பழக்கமாக இருக்கின்றது. கைவிட வேண்டியது அப் பழக்கத்தை.

பயத்துக்குக் காப்புறுதி இல்லை என்பதையும் நினைவில் வைத்தல் வேண்டும். விமானம் பறக்கின்றது, எல்லை திறந்திருக்கின்றது, எமக்கு மாத்திரம் போக மனம் வரவில்லை என்றால், சாதாரண பத்திரம் எதுவும் அதற்குப் பணங் கொடாது. அரசாங்கம் "அங்கே போகவேண்டாம்" என்று எச்சரித்தாற் கொடுக்கும் பத்திரங்கள் உண்டு. அப்போதும் அந்த எச்சரிக்கை எவ் வரசாங்கத்தினது, பத்திரம் வாங்கிய பின் வந்ததா, முன் வந்ததா என்ற வினாக்கள் எழும்.

தனிமைப்படுத்தலும் அவ்வாறே. 2020 ஒக்டோபரிற் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தல் ஊரடங்கின்கீழ் வந்ததை அங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். அந்த வாரத்திலே ஒருவர் விமானச் சீட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு வீதியைத் தாண்டமுடியாமல் இருந்திருந்தால், பத்திரம் அவருக்கு உதவியிருக்குமா? பிரயாணியின் பெயரைக் குறித்து வைத்திய அதிகாரி தனிமைப்படுத்தினாற் பணங் கொடுக்கும் பத்திரங்கள் சில உண்டு. ஊரே அடைபட்டதற்குக் கொடுப்பவை மிகச் சில. ஆள் அடைபட்டால் ஒரு நியாயம், ஊர் அடைபட்டால் வேறொரு நியாயம்!

எதைக் காப்பது?

இவ்வளவையும் கேட்டபின், "அப்படியானால் இரண்டாமவர் சொன்னதே சரி, காப்புறுதி வீண் செலவு" என்று வாசகர் நினைக்கக்கூடும். எமது கருத்து அதுவன்று.

பிரயாணியின் முன்னே இரண்டு நட்டங்கள் நிற்கின்றன. ஒன்று, பிரயாணம் நின்று சீட்டுக்காசு போவது. மற்றது, அந்நிய நாட்டிலே காய்ச்சல் கண்டு, அது நுரையீரலிற் பற்றி, வைத்தியசாலையிலே படுப்பது. முதலாவது நட்டம் வலிக்கும். ஆனாற் குடும்பம் அதனைத் தாங்கும். ஆறு மாதம் சிக்கனமாக இருந்தால் அந்தக் காசு திரும்ப வரும். இரண்டாவது நட்டம் அத்தகையதன்று. ரொறன்ரோவிலோ நியூயோர்க்கிலோ, அந்நாட்டுச் சுகாதாரத் திட்டத்திற் சேராத ஒருவர் சில வாரங்கள் தீவிர சிகிச்சையிற் கிடந்தால், வருங் கணக்கைத் தீர்க்க ஊரிலுள்ள காணியை விற்கவேண்டிவரும். அல்லது பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகக் கடன் கட்டவேண்டிவரும்.

இந் நாட்டிலே அரசாங்க வைத்தியசாலைக்குப் பணமின்றிச் சென்று சுகமாகித் திரும்பிப் பழகிவிட்டோம். 2020 ஜனவரியில் இங்கே முதன்முதலாகக் கொரோனா காணப்பட்ட சீன நாட்டுப் பிரயாணியும் அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றுச் சுகமாகியே தம் நாடு திரும்பினார். வைத்தியசாலைக்குக் கணக்கு உண்டு என்பதே எமது மூத்தோர் பலரின் சிந்தையில் இல்லை. அயல்நாடுகளில் நிலைமை வேறு.

ஆகவே காய்ச்சற் காலத்தில் நாம் கேட்கவேண்டிய கேள்வி, எந்த நட்டத்தை எம்மாற் தாங்கமுடியாது என்பதுதான். தாங்கக்கூடியதைத் தாங்கிக்கொள்வோம். தாங்கமுடியாததைக் காப்புறுதி செய்வோம். விந்தை என்னவெனில், பயம் பிடித்தவர்கள் பெரும்பாலும் சீட்டுக்காசை நினைத்தே காப்புறுதி தேடுகின்றார்கள். காய்ச்சல் ஊரறிந்தபின் முதலிற் செல்லாமற் போவது அந்தப் பாகமே. வைத்தியச் செலவைக் காக்கும் பாகமோ பல பத்திரங்களில் அப்போதும் விலைக்குக் கிடைக்கின்றது. கொள்ளைநோயை முற்றாக விலக்கிய பத்திரங்களும் உண்டு என்பதனால், "இந்தக் காய்ச்சலுக்கு வைத்தியச் செலவு கொடுப்பீர்களா?" என்று நோயின் பெயரைச் சொல்லிக் கேட்டு, விடையை எழுத்திற் பெறவேண்டும். எழுத்திற் தர மறுப்பவரிடம் வாங்கவேண்டாம்.

ஒரு தாயின் பத்திரம்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம்மிடம் வந்த ஒரு விடயத்தை இங்கே சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் வசித்த ஒரு தாயார் மாரி காலத்திலே கனடாவுக்கு மகனிடம் சென்றார். பத்திரத்தை மகனே அங்கிருந்து வாங்கினார். சுகநிலை பற்றிய கேள்விகளுக்கும் அவரே விடை எழுதினார். தாயாருக்கு இரத்த அழுத்தம் உண்டென்பது அவருக்குத் தெரியும், எழுதினார். புறப்படுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் கொழும்பிலே வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டியிருந்தார். அது மகனுக்குத் தெரியாது. பிள்ளை பரதேசத்தில் இருந்து கவலைப்படக்கூடாதென்று தாயார் அதனைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்.

சென்ற மூன்றாம் வாரத்திற் காய்ச்சல். அது நியூமோனியாவாகி, இதயத்தையும் தாக்கியது. தாயார் பிழைத்துக்கொண்டார். கணக்கு வந்தது. கம்பெனி கொடுக்க மறுத்தது. முன்னமே உள்ள நோய் பிரயாணத்துக்கு முந்திய 180 நாட்களில் மாற்றமின்றி இருந்திருக்கவேண்டும் என்றும், மருந்தின் அளவு மாறினாலும் அது மாற்றமே என்றும் பத்திரத்தின் உட்பக்கத்தில் எழுதியிருந்தது. மறுப்புக் கடிதத்தை எம்மிடங் கொண்டுவந்தார்கள். அக் கடிதத்தை வரிவரியாகப் படித்தோம், பத்திரத்தையும் படித்தோம். எழுதியிருந்த வார்த்தைகளின்படி கடிதத்திற் பிழை காண எம்மால் இயலவில்லை.

அந்தத் தாயார் எவரையும் ஏமாற்ற எண்ணியவரல்லர். பிள்ளைமேல் வைத்த பாசத்தாற் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளையின் தலையிலேயே கடனாக விழுந்தது. பத்திரத்தைப் பிள்ளை வாங்கினாலும், சுகநிலைக் கேள்விகளைத் தாயும் தந்தையும் தம் வைத்தியரின் முன்னிலையில் இருந்து நிரப்புதல் வேண்டும். மருந்துச் சீட்டின் பிரதியைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். "சொன்னாற் கட்டணம் கூடும்" என்பார்கள். கூடட்டும். கூடிய கட்டணம் ஒரு முறைச் செலவு; மறைத்த நோயின் செலவுக்கு எல்லையே இல்லை.

கேட்பார் உள்ள வழியும் கேட்பாரற்ற வழியும்

சில நாடுகள் எம்மைக் கேட்காமல் விடுவதில்லை. 2011 டிசம்பரிற் கனடா ஆரம்பித்த பெற்றோர்க்கான விசேட விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு, ஓராண்டுக்கான வைத்தியக் காப்புறுதி வேண்டும். பிரான்சு, ஜெர்மனி முதலிய ஷெங்கன் நாடுகளின் குறுகியகால விசாவுக்கு 30,000 யூரோக் காப்புறுதி வேண்டும். இலங்கையும் 2021 ஜனவரியில் உல்லாசப் பிரயாணிகளுக்கு வாயிலைத் திறந்தபோது 12 டொலர் வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்துக்கு 50,000 டொலர்க் கொரோனாக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது கைவிடப்பட்டது. இவ் விதிகளை அவ்வவ் வரசாங்கங்கள் தத்தம் வைத்தியசாலைகளைக் காக்கவே வகுத்தன. விசா அதிகாரிக்குக் காட்டப் போதுமான பத்திரம் நோயாளிக்கும் போதுமானது என்று எண்ணுவது தவறு. முத்திரை விழுந்த மாத்திரத்தே பத்திரத்தைப் பெட்டியிற் போடாமல், அதன் விலக்குகளைப் படிக்கவேண்டும்.

இந்தியாவுக்குச் செல்வோரை எவருங் கேட்பதில்லை. கேட்பாரின்மையால் வாங்குவாருமில்லை. "அயல் வீட்டுக்குப் போகக் காப்புறுதி எதற்கு?" என்கின்றார்கள். 1918 இன் பெரும் இன்புளுவென்சா இந் நாட்டுக்குள் நுழைந்த வாயில்கள் இரண்டென ஆய்வாளர் கண்டுள்ளனர். கொட்டாஞ்சேனையின் வாசலிலுள்ள கொழும்புத் துறைமுகம் ஒன்று. அயல் வீட்டுக்குச் செல்லும் தலைமன்னார் வழி மற்றது. அக் காய்ச்சலால் இலங்கை தன் சனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் இழந்ததென்று அவர்கள் கணிக்கின்றார்கள். நோய்க்கு அயல் வீடு, தூர தேசம் என்ற பேதமில்லை.

அண்மைக் காலத்தையே பார்ப்போம். 2020 மார்ச் 19 இற் கட்டுநாயக்க விமான நிலையம் வருவோர்க்கு மூடப்பட்டது. மார்ச் 22 இல் இந்தியா சர்வதேச விமானங்களை நிறுத்தியது. யாத்திரை சென்றோரும் படிக்கச் சென்றோரும் அங்கேயே நின்றார்கள். பத்து நாளென்று போனவர்களுக்குப் பல வாரங்கள் ஆயின. பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் ஒரு தொல்லை இருந்தது. பத்திரம் திகதியோடு முடிகின்றது. பிரயாணி வீடு வந்து சேருவதோடு முடிவதில்லை. ஆகவே திரும்பும் நாளுக்கு மேலும் சில வாரங்கள் சேர்த்து வாங்குவதும், அங்கிருந்தே காலத்தை நீடிக்கமுடியுமா என்று முன்னமே கேட்டு வைப்பதும் நன்று. சென்னைக்கு வைத்தியத்துக்கென்றே செல்வோர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். சிகிச்சைக்காகச் செய்யும் பிரயாணத்தைச் சாதாரண பிரயாணக் காப்புறுதி ஏற்பதில்லை.

நம்பிக்கை இரு பாலார்க்கும் உரியது

காப்புறுதிச் சட்டத்தின் மூலைக்கல் பூரண நல்லெண்ணம் என்பதாகும். 1766 இல் மான்ஸ்பீல்ட் பிரபு தீர்த்த கார்ட்டர் எதிர் போம் என்ற வழக்கிலே அது நிலைநாட்டப்பட்டது. சுமாத்திராத் தீவிலே ஆங்கிலேயர் கோட்டையொன்றின் ஆளுநர், அதனை அந்நியர் கைப்பற்றினால் வரும் நட்டத்துக்குக் காப்புறுதி செய்தார். பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்தார் என்று காப்புறுதி கொடுத்தவர் பணம் மறுத்தார். தீர்ப்பு ஆளுநர் பக்கமே சென்றது. நல்லெண்ணக் கடமை வாங்குபவர்க்கு மாத்திரமன்றி விற்பவர்க்கும் உண்டென்று அத் தீர்ப்புக் கூறுகின்றது. வாங்குபவர் மறைத்த மருந்தைப் பற்றிக் கம்பெனிகள் பேசுகின்றன. விற்பவர் உரக்கச் சொல்லாத விலக்கைப் பற்றி யார் பேசுவது?

வார்த்தையிலேதான் வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன என்பதற்கு 2021 ஜனவரியிற் பிரித்தானிய உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மற்றொரு சான்று. அது பிரயாணத்தைப் பற்றியதன்று. கொரோனாவால் மூடப்பட்ட வியாபார நிலையங்களைப் பற்றியது. "25 மைலுக்குள் நோய் தோன்றினால்" என்பது போன்ற சொற்களுக்கு என்ன பொருள் என்பதே அங்கே வாதம். பெரும்பாலும் காப்புறுதி பெற்றோர்க்குச் சாதகமாகவே தீர்ப்பாயிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரே அந்த ஆங்கில வார்த்தைகளின் பொருளறிய உச்ச மன்றம் வரை சென்றார்கள். அப்படியானால், எம்மிடங் கொண்டுவரப்பட்ட பத்திரங்களைப்போல் முழுவதும் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு பத்திரத்திற் கையொப்பமிடும் கிளிநொச்சிக் கமக்காரர் எதற்குச் சம்மதித்தார் என்று சொல்வது?

1987 முதல் தமிழும் இந் நாட்டின் அரசகரும மொழி. அந்த உரிமை அரசாங்கக் கந்தோரின் வாசலோடு நின்றுவிடக் கூடாது. எமது கோரிக்கைகள் எளியவை. பத்திரம் விற்கும் ஒவ்வொருவரும் ஒரு பக்கத்திலே, தெளிந்த தமிழில், எதற்குப் பணம் கொடுப்போம், எதற்குக் கொடோம் என்று ஒரே அளவு எழுத்தில் அச்சிட்டுத் தரல் வேண்டும். தொற்றுநோய் பரவுங் காலத்திலே அந்த நோய் அடங்குமா, அடங்காதா என்பதை அப் பக்கத்தின் தலையிலேயே எழுதவேண்டும். விண்ணப்பத்தை முகவர் நிரப்பினால், அதனைத் தமிழில் வாசித்துக் காட்டியதாக அவரும் கையொப்பமிடல் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் காப்புறுதித் தொழிலை மேற்பார்வை செய்யும் ஆணைக்குழு இதனைக் கவனித்தல் தகும். உள்ளூர்க் கம்பெனியோடு பிணக்கு ஏற்பட்டாற் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம் என்பதையும் வாசகர் அறிந்திருக்கவேண்டும். கனடாவிலே வாங்கிய பத்திரத்துக்கு அந்த வழி உதவாது.

பிறரைக் கேட்பதோடு எமது கடமை முடிந்துவிடாது. வெள்ளவத்தையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கின்றது. ஊர்கள்தோறும் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டத்தரணியும் ஒரு வைத்தியரும் அங்கே இரண்டு மணி நேரம் அமர்ந்து, பிரயாணம் புறப்படுவோரின் பத்திரத்தை வாசித்துச் சொன்னால் எத்தனை குடும்பங்களின் காணி தப்பும்! படித்தவர்களைச் சமூகம் மதிப்பது அவர்கள் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகவே. வாசிக்கத் தெரியாதவர்க்காக வாசிப்பது தருமமன்று, கடன்.

இனி, முதலிற் கேட்ட கேள்விக்கு விடை கூறி முடிப்போம். காய்ச்சற் காலத்திலே கடல் கடப்பவர் வைத்தியச் செலவுக் காப்புறுதி இன்றிப் புறப்படலாகாது, இந்தியாவுக்காயினும் புறப்படலாகாது. சீட்டுக்காசைக் காக்கவென்று காய்ச்சல் பரவிய பின் அதிக பணங் கொடுக்கவேண்டாம். அந்தப் பணத்துக்குத் திகதி மாற்றக்கூடிய சீட்டை வாங்குவது மேல். நோயை மறைக்கவேண்டாம். காப்புறுதிக்கு வசதியில்லாதவர், அல்லது நோய் காரணமாக எந்தக் கம்பெனியும் ஏற்காதவர், பிரயாணத்தை ஒத்திவைக்கட்டும். பேரப்பிள்ளையின் முகத்தை மூன்று மாதம் பிந்திப் பார்ப்பதிற் குறைவொன்றுமில்லை. தமக்கே காய்ச்சல் கண்டவர், கையில் எத்தகைய பத்திரம் இருந்தாலும், வீட்டிலிருப்பாராக. பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்கு அவர் கொடுக்கும் நோய்க்கு எந்தப் பத்திரத்திலும் ஈடு எழுதப்படவில்லை.